விட்டுக்கொடுத்தது யார்? இழந்தது யார்?

(பழனிமலை அடிவாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பழனிமலை தெரிகிறது. மேலே கொடைக்கானல். இன்று வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் மலைச்சாலை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். நமது பாட்டன்மார் காலத்தில் அந்தச் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒரு பாதைதான் உண்டு. துரையும் துரைசானியும் பாதிரியாரும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதையில் மலையேறினார்கள். நாற்காலியைத் தோளில் சுமந்து ஏறியவன் கூலியாள்.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அந்த மலையில் வீடு கட்டினார்கள். 1895-ல் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் வந்தன, மாதா கோயில்கள் வந்தன. தோளில் சுமந்தவர்களிலும் பலர் வேதத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? ஊர்க் கோயிலின் வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை, இந்தக் கோயிலின் வாசல் திறந்தது. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தான். மானத்தோடு வாழ ஒரு வழி தேடியவர்களை யார் குறை சொல்ல முடியும்?

மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஞாயிற்றுக்கிழமை நான் வேதக்காரன். திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போனால் சேரிக்காரன். தாலுகா ஆபீசில் சர்ட்டிபிகேட் கேட்டால் மட்டும் நான் சேரிக்காரன் இல்லை என்கிறான். அப்படியானால் நான் யார்?”

இதற்குத் தாலுகா ஆபீசில் பதில் கிடைக்காது. 1936-ல், 1949-ல், 1950-ல் பெரிய இடங்களில் எடுத்த முடிவுகளில்தான் கிடைக்கும். அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வெள்ளைக்காரன் போட்ட வேலி

அந்நிய ஆட்சி நமக்குச் சட்டசபை கொடுத்தபோது, மக்களை மதவாரியாகப் பிரித்து ஓட்டுப் போடச் சொன்னது. முஸ்லிம் முஸ்லிமுக்கே ஓட்டுப் போட வேண்டும், கிறிஸ்தவன் கிறிஸ்தவனுக்கே ஓட்டுப் போட வேண்டும். இதற்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பெயர். 1935-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னைச் சட்டசபையில் 215 ஸ்தானங்கள். அதில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, முஸ்லிம்களுக்கு 28, ஜமீன்தார்கள் முதலிய பெரிய நிலக்காரர்களுக்கு 6, வர்த்தகத்துக்கு 6, லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்கும் அதே 6! ஓட்டும் எல்லோருக்கும் கிடையாது. சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். கூலிக்கு நடவு நட்டவளுக்கு ஓட்டு ஏது?

இந்த ஏற்பாட்டைப் பற்றித் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத் தலைவர்களிடையிலேயே ஒற்றுமை இல்லை. சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவர் தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்தார். கிறிஸ்தவன் தன்னைத் தானே வேலிக்குள் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் வந்தவர், 1931-ல் காலமானார். மறுபக்கம் நீதிக் கட்சியைச் சேர்ந்த ஏ. டி. பன்னீர்செல்வம். அவரும் வட்டமேஜைக்குப் போனார். தனித்தொகுதி கோரிய சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் 1931-ல் இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் கையெழுத்திட்டார். இருவருமே தமிழர்கள், இருவருமே கிறிஸ்தவர்கள். மதம் ஒன்றாக இருந்தால் அரசியலும் ஒன்றாக இருக்கும் என்பவர்கள் இந்த இருவரையும் நினைத்துப் பார்க்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 1936-ல் வெள்ளை சர்க்கார் ஷெட்யூல்டு வகுப்புகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு விதி எழுதியது: இந்தியக் கிறிஸ்தவர் எவரும் ஷெட்யூல்டு வகுப்பைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார். காரணம் என்ன? உனக்குக் கிறிஸ்தவன் என்ற கணக்கில் தனி ஸ்தானம் இருக்கிறது, இந்தக் கணக்கில் இன்னொன்று கிடையாது என்பதுதான். நியாயமோ அநியாயமோ, அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த தலைவர் எடுத்த முடிவு

1946 டிசம்பர் 9-ம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. அந்நிய ஆட்சியிலிருந்து ஜனநாயகத்துக்கு நாடு மாறிய காலம் அது. அந்தச் சபைக்கு உபதலைவராக 1947 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டாக்டர் எச். சி. முகர்ஜி. வங்காளக் கிறிஸ்தவர். கல்கத்தா சர்வகலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், வங்கச் சட்டசபையில் பழுத்த அனுபவம் உள்ளவர், 60 வயதை நெருங்கியவர். சிறுபான்மையோர் உரிமைகளை ஆராய்ந்த துணைக்குழுவுக்கும் அவரே தலைவர்.

1947 ஆகஸ்டில் ஒரு முடிவு வந்தது. தனி வாக்காளர் தொகுதி ஒழியும், எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடுவார்கள், ஆனால் சிறுபான்மையோருக்குச் சில ஸ்தானங்கள் ஒதுக்கப்படும் என்றது அது. 1949 மே 11-ம் தேதி முகர்ஜி இன்னும் ஒரு படி மேலே போனார். ஷெட்யூல்டு வகுப்பார் நீங்கலாக, மதச் சிறுபான்மையோருக்கு ஸ்தான ஒதுக்கீடே வேண்டாம் என்று ஆலோசனைக் குழுவில் அவரே தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அந்த மாதக் கடைசியில் அரசியல் நிர்ணய சபையும் அதை ஏற்றது.

சபையில் அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் பாதிரியார் ஜெரோம் டிசௌசா. சென்னை லயோலா கல்லூரியின் தலைவராக இருந்தவர், சென்னை மாகாணத்திலிருந்து சபைக்குப் போனவர். செண்பகனூர்க் கல்லூரியை நடத்திய அதே இயேசு சபையைச் சேர்ந்தவர். பெரும்பான்மை மக்களின் நல்லெண்ணத்தை நம்புகிறோம் என்பதே இந்தத் தலைவர்கள் வாதத்தின் சாரம்.

தோழர்களே! இந்த முடிவை நாம் எப்படி எடைபோடுவது? அது கோழைகளின் முடிவு அல்ல. 1946 ஆகஸ்டில் முகர்ஜியின் சொந்த நகரமான கல்கத்தாவில் ரத்த ஆறு ஓடியது. தேசம் இரண்டாகப் பிளந்தது. மதத்தின் பேரால் ஓட்டைப் பிரித்தால் நாளை நாட்டையே பிரிப்பார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டவர். மதவாரி அரசியல் வேண்டாம் என்ற அளவில் அவர் செய்தது சரி. அதை நாம் தயங்காமல் சொல்லுகிறோம்.

ஐரோப்பாவில் நடந்தது

அதே காலத்தில் ஐரோப்பாவில் கிறிஸ்தவத் தலைவர்கள் வேறு பாதையில் போனார்கள். இத்தாலியில் டி காஸ்பெரி என்ற மூத்த அரசியல்வாதி. முசோலினியின் சிறையில் இருந்தவர், பிறகு வாட்டிகன் நூலகத்தில் வேலை பார்த்துக் காலம் தள்ளியவர். பாசிசம் வீழ்ந்ததும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவராக 1945 டிசம்பரில் பிரதமரானார். பாசிசத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் அவர் மந்திரிசபையில் இருந்தார்கள். 1947 மே மாதம் அவர்களை வெளியே தள்ளினார். 1948 ஏப்ரல் தேர்தலில் மாதா கோயில் மேடையும் அமெரிக்கப் பணமும் அவர் பக்கம் நின்றன. 48 சதவிகித ஓட்டு வாங்கினார். மேற்கு ஜெர்மனியில் அடினாயர், 1949-ல் தமது 73-வது வயதில் அதிபரானார். அவருடையதும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிதான்.

இந்தப் பாதை எங்கும் வெற்றி பெறவில்லை. ஸ்பெயினைப் பாருங்கள். 1930-களில் கத்தோலிக்க வலதுசாரிகளின் பெரும் தலைவராக இருந்தவர் கில் ரோபிள்ஸ். 1975-ல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகு, ஜனநாயகம் திரும்பும் வேளையில், கிழவராகிவிட்ட அவர் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு மறுபடியும் களம் இறங்கினார். இந்தத் தடவை அங்குள்ள திருச்சபை எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க மாட்டோம் என்று ஒதுங்கி நின்றது. 1977 ஜூன் 15 தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு ஸ்தானம்கூடக் கிடைக்கவில்லை. ஜெபமாலை பிடித்த கை ஓட்டுச் சீட்டைப் பிடித்தபோது, கூலியையும் விலைவாசியையும் சுதந்திரத்தையும் எண்ணிப் பார்த்தது. பக்தி உள்ள தொழிலாளிக்குப் பக்தியின் பேரால் ஒரு கட்சி அவசியப்படவில்லை!

நமது நாட்டிலும் மத பீடம் அரசியலில் இறங்கிய காலம் உண்டு. 1957 ஏப்ரலில் கேரள மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த மந்திரிசபை நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சாதிச் சங்கமும் காங்கிரசும் சேர்ந்து கிளர்ச்சி செய்தன. 1959 ஜூலை 31-ல் மந்திரிசபை கலைக்கப்பட்டது. அதே 1959-ல் கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்துச் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. அதன் மூத்த தலைவர்களில் ஒருவர் எம். ரத்தினசாமி. கத்தோலிக்கர், கல்விமான், அண்ணாமலைச் சர்வகலாசாலைத் துணைவேந்தராக இருந்தவர். அவருடைய படிப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ராஜாஜியின் பக்கத்தில், ராஜாக்களும் பெரிய நிலக்காரர்களும் கூடிய அந்த மேடையில், உழுகிற கிறிஸ்தவனுக்கு நிலம் கேட்கக் குரல் எழவில்லை.

ஆகவே முகர்ஜி தனிக் கட்சியும் கேட்கவில்லை, தனி ஸ்தானமும் கேட்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை.

இரண்டு கதவுகள்

1949-ல் விட்டுக்கொடுத்தவர் யார்? பேராசிரியர், பாதிரியார், வக்கீல், மாகாணத் தலைவர். அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்தும் படிப்பும் உள்ளவர்கள். சேரியில் வாழ்ந்த கிறிஸ்தவனை யாரும் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கல்லூரி இருந்தது, உத்தியோகம் இருந்தது. முகர்ஜி 1951-ல் மேற்கு வங்க கவர்னரானார், 1956-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். மாசற்ற மனிதர், பணத்தைக் கல்விக்கு வாரிக் கொடுத்தவர். அவர் மீது நமக்குப் பகை இல்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்ததற்கு விலை கொடுத்தவன் வேறொருவன்.

எப்படி? 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. ஷெட்யூல்டு வகுப்புகளின் பட்டியல் அது. அதன் 3-வது பாரா சொல்லியது: இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சேர்ந்த எவரும் ஷெட்யூல்டு வகுப்பைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார். பஞ்சாபில் சில சீக்கிய வகுப்புகளுக்கு மட்டும் விலக்கு.

இப்போது 1936-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று வெள்ளைக்காரன், “கிறிஸ்தவ ஸ்தானம் உண்டு, ஷெட்யூல்டு ஸ்தானம் கிடையாது” என்றான். 1949-ல் கிறிஸ்தவ ஸ்தானம் போயிற்று. 1950-ல், போன ஸ்தானத்துக்கு ஈடாக ஷெட்யூல்டு உரிமை வந்ததா? வரவில்லை! வெள்ளைக்காரன் போட்ட விலக்கு மட்டும் சுதந்திர நாட்டின் உத்தரவில் குந்திக்கொண்டது. ஒரு கதவைத் தமது தலைவர்களே சாத்தினார்கள். அடுத்த ஆண்டு மற்றக் கதவை சர்க்கார் சாத்தியது. நடுவிலே நின்றவன் சேரிக் கிறிஸ்தவன்.

ஆங்கிலோ இந்தியர்களுக்கு லோக்சபையில் இரண்டு நியமன ஸ்தானங்கள் கிடைத்தன. அவை 2020 ஜனவரி வரை நீடித்தன. பேரம் பேசத் தெரிந்த சிறு கூட்டத்துக்கு 70 ஆண்டு. மண்ணைக் கிளறிய பெருங்கூட்டத்துக்கு ஒரு நாள்கூட இல்லை.

பட்டியலின் வாசல் மதத்துக்காக எப்போதுமே பூட்டியிருந்ததா? அதுவும் இல்லை. 1956-ல் சீக்கியர்களுக்குத் திறந்தது. 1990-ல் பௌத்தர்களுக்குத் திறந்தது. பழங்குடிப் பட்டியலுக்கோ மதத் தடையே கிடையாது. நமது பழனிமலைப் பளியர் வேதத்தில் சேர்ந்தாலும் பழங்குடியாகவே இருக்கிறார். அது நியாயம். அதே மலையில், அதே தோட்டத்தில் வேலை செய்யும் சேரிக்காரர் வேதத்தில் சேர்ந்தால் மட்டும் நேற்றுவரை இருந்த சாதி காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது!

எண்ணிப் பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஒரே வயலில் அறுப்பு அறுக்கிறார்கள். ஒரே வசையை வாங்குகிறார்கள். அண்ணனை அடித்தால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். தம்பி ஞானஸ்நானம் வாங்கியவர், அவரை அடித்தால் அந்தச் சட்டம் பாயாது. ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு அண்ணன் நிற்கலாம், தம்பி நிற்க முடியாது. தமிழ்நாட்டில் தம்பிக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமும் சில படிப்புச் சலுகைகளும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அவரைவிட மேல்படியில் நிற்பவர்களோடு போட்டி போட வேண்டும். அடிக்கிற கை ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா அடிக்கிறது?

“கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே!”

இப்படிச் சிலர் வாதாடுகிறார்கள். வேதத்தில் இல்லை, உண்மை. ஊரில் இருக்கிறதே! திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிந்தது. அது இடிந்தபோதும் கோர்ட்டுவரை வழக்கு போயிற்று. செத்த பிறகும் பிரித்துவைக்கும் கல்லறைச் சுவர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்தன. இவற்றை எதிர்த்துப் போராடியவர்களில் சேரி மக்களோடு நேர்மையான குருமாரும் உண்டு.

சுப்ரீம் கோர்ட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி. ஷெட்யூல்டு வகுப்புத் தொழிலாளிகளுக்கு சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தது. இவர் கிறிஸ்தவர், ஆகவே கிடைக்கவில்லை. 1985-ல் கோர்ட்டு என்ன சொல்லியது? மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று மனுவைத் தள்ளியது. செருப்புத் தைக்கும் கை ஆராய்ச்சிப் புத்தகம் எழுதி நிரூபிக்க வேண்டுமாம்!

அந்த ஆராய்ச்சியும் நடந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. 1950 உத்தரவின் 3-வது பாராவை நீக்க வேண்டும், பட்டியலுக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அறிக்கை பார்லிமெண்டில் 2009-ல் வைக்கப்பட்டது, வைத்த இடத்திலேயே இருந்தது. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. அதன் கெடுவும் நீட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆணையத்துக்கு மேல் ஆணையம்! நமது தோட்டத் தோழரின் தகப்பனாருக்குச் சொல்லாத பதிலை அவருக்கும் சொல்லாமல் தள்ளிப்போடுகிறார்கள்.

நமக்குள்ளே ஒரு சந்தேகம்

ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். ஷெட்யூல்டு வகுப்புத் தோழர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்: “இருக்கிற சோறே பத்தவில்லை. இன்னும் ஆட்களைப் பந்தியில் உட்கார வைத்தால் எங்கள் இலையில் என்ன மிஞ்சும்?” இந்தப் பயம் நியாயமான பயம். இதை அதட்டி அடக்கக் கூடாது, பதில் சொல்ல வேண்டும்.

நமது பதில் இதுதான். பந்திக்கு ஆள் கூடினால் சோறும் கூட வேண்டும். சேருகிறவர்களின் ஜனத்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவை உயர்த்தச் சொல்லி இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். காலியாகக் கிடக்கும் ஒதுக்கீட்டு வேலைகளை நிரப்பச் சொல்லி இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்போ ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைகிற பண்டம் அல்ல. தம்பிக்கும் அந்தக் காவல் இருந்தால் அண்ணனுக்குப் பலம்தான். பிரிந்து நின்றால் கூலி பேசும்போது யாருக்கு லாபம்? அறுப்புக் களத்தில் பண்ணையார் இருவருக்கும் ஒரே மரக்காலில்தானே அளக்கிறார்!

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! மூத்த தலைவர்கள் நம்பிக்கை வைத்து உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். நம்பிக்கை என்பது ஒரு கடன். வாங்கிய நாடு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 75 ஆண்டாக அந்தக் கடன் தீரவில்லை. அதைக் கேட்கக் கிறிஸ்தவனுக்குத் தனிக் கட்சி தேவையில்லை. இத்தாலியைப் போல மாதா கோயில் மேடையில் ஓட்டுக் கேட்கவும் தேவையில்லை. கேட்க வேண்டிய இடம் சங்கம். கேட்க வேண்டிய ஆள் உழைக்கிற எல்லோரும்.

ஆகவே ஊருக்குத் திரும்பியதும் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, கிராமக் கிளைக் கூட்டத்தில் 3-வது பாராவை நீக்கக் கோரித் தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறவர் இந்துத் தோழராக இருக்கட்டும். இரண்டாவது, உங்கள் ஊரில் கோயிலிலோ, மாதா கோயிலிலோ, சுடுகாட்டிலோ, கல்லறையிலோ சாதிப் பிரிவினை இருந்தால், அதை நீக்க ஊர்ப் பெரியவர்களிடமும் பங்குக் குருவிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். மூன்றாவது, சேரிக் கிறிஸ்தவர் ஒருவர் அடிபட்டால், இது அவர்கள் சபை விஷயம் என்று ஒதுங்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரோடு சங்கம் போகட்டும்.

கேள்வி கேட்ட தோட்டத் தோழருக்கும் நமது பதில் இதுவே. நீங்கள் யார் என்று தாலுகா ஆபீஸ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். துரையையும் பாதிரியாரையும் மலைக்குச் சுமந்த தோளின் பேரன் நீங்கள். அதே தோள்தான் நமக்கும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையது.